பீப்பாய் வந்து சேர்ந்த வீடு

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் புவெர்ட்டோ ரிக்கோ போகிறோம். சான் ஹுவானில் நாலு நாள். பொன்சே நகரில் ஒரு பழைய வீட்டில் இசை அருங்காட்சியகம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். "கண்ணாடிப் பெட்டிக்குள் மேளத்தைப் பார்க்க அவ்வளவு தூரமா?" என்கிறார் என் கணவர். போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம். நானும் சலித்துக்கொண்டேதான் போனேன். மலையைத் தாண்டித் தெற்கே ஒன்றரை மணி நேரம்.

முதலில் வீட்டைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஃப்ரெடோ வீச்சர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் செராயேஸ் குடும்பத்துக்காக வடிவமைத்தது. கரும்பிலும் ரம்மிலும் வந்த பணம். 1865இல் அவர்கள் தொடங்கிய தொழில் இன்றும் அதே ஊரில் நடக்கிறது. அந்த வீட்டுக்குள் நிற்பவை பொம்பா இசையின் மேளங்கள். பெயரே 'பாரில்', அதாவது பீப்பாய். சரக்கு தீர்ந்த பீப்பாயின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி அடித்தவர்கள் கரும்புத் தோட்டத்து அடிமைகள். அங்கே அடிமை முறை ஒழிந்ததே 1873இல்தான். கரும்பு முதலாளியின் வீட்டில் அந்தப் பீப்பாயைப் பார்த்ததும் என் சலிப்பு போய்விட்டது.

பொம்பாவில் ஆடுகிறவள் தாளத்துக்கு ஆடுவதில்லை. அவள் பாவாடையை உதறினால், தோளைச் சிலுப்பினால், ப்ரீமோ என்ற மேளம் உடனே அதை அடித்துக் காட்ட வேண்டும். புலெயதோர் என்ற கனத்த மேளம் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க முடியாது. உங்கள் கணவரின் பாதி நியாயம் இதுதான்.

ப்ளேனா என்ற இன்னொரு இசைக்கு ஊரே பொன்சேதான். சான் அந்தோன் போன்ற உழைப்பாளிகள் குடியிருப்புகளில் வளர்ந்தது. கையில் பிடித்து அடிக்கும், ஜால்ரா இல்லாத வட்ட மேளம் மூன்று அளவில். வேலைநிறுத்தம், ஊர் வம்பு, எல்லாம் பாட்டாகிவிடும். 'பாடும் செய்தித்தாள்' என்றே அதற்குப் பெயர். குவாத்ரோ என்ற தந்தி வாத்தியத்தையும் விட்டுவிடாதீர்கள். பெயருக்கு அர்த்தம் நாலு, தந்திகளோ பத்து!

சீமான்கள் ஆடிய தான்ஸாவில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

2020 ஜனவரி நிலநடுக்கத்தில் தெற்குக் கரையின் பழைய கட்டடங்கள் பல அடி வாங்கின. அதனால் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சான் ஹுவானுக்குக் கிழக்கே லோயிசாவுக்கு ஒரு நாள் ஒதுக்கி, பொம்பா எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் கணவரை மேளத்துக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.