ஆண்டுப் பிறப்பு எந்த நாளில்? பழைய தேதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஜனவரி 1-ஐ ஆண்டுத் தொடக்கமாக்கியவர் ஜூலியஸ் சீசர்தானே?

பதில்: அவருக்கு முன்பே அது வந்துவிட்டது. ரோமில் கான்சல்கள் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை ஆட்சியாளர்கள்) மார்ச் 15-இல் பதவியேற்று வந்தார்கள். ஹிஸ்பானியாவில் (இன்றைய ஸ்பெயின் பகுதி) கிளர்ச்சி வெடிக்கவே, கி.மு. 153-இல் பதவியேற்பை ஜனவரி 1-க்கு முன்கூட்டினார்கள். ஆண்டுகளுக்குக் கான்சல்களின் பெயரே அடையாளம் என்பதால் ஆண்டும் கூடவே நகர்ந்தது.

கேள்வி: அப்படியானால் 1582-இல் போப் கிரிகோரி மாற்றியது என்ன?

பதில்: லீப் ஆண்டு விதியை. கூடவே 10 நாள்களை நீக்கினார். ஆண்டுத் தொடக்கம் வேறு கதை, ஜனவரி 1-க்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியே மாறியது: பிரான்ஸ் 1567, ஸ்காட்லாந்து 1600, ரஷ்யா 1700, இங்கிலாந்து 1752. இவற்றில் ஸ்காட்லாந்தும் ரஷ்யாவும் ஜனவரி 1-க்கு மாறியபோதும் ஜூலியன் நாள்காட்டியை (கிரிகோரி திருத்துவதற்கு முந்தைய பழைய நாள்காட்டி) விடவில்லை.

கேள்வி: ஓர் ஆங்கிலேயப் பதிவேட்டில் பெற்றோரின் திருமணம் 1700 ஏப்ரல், பிள்ளையின் ஞானஸ்நானம் 1700 பிப்ரவரி. எழுத்தர் பிழையா?

பதில்: இல்லை, பதிவு சரி. அங்கே 1751 வரை ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. டிசம்பர் 1700-க்கு அடுத்து வந்தது ஜனவரி 1700. அந்தப் பிப்ரவரி நமக்கு 1701. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான தேதி என்றால் ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள். '1700/01' என்று எழுதியிருந்தால் கூட்ட வேண்டாம், எழுத்தரே இரண்டையும் தந்துவிட்டார். பலர் வழுக்குவது இங்கேதான்.

பழைய ஜூலியன் தேதியை இன்றைய கிரிகோரியன் தேதிக்கு மாற்றும் நாள் திருத்தம் தனி. நம் ஆண்டுக் கணக்கில் 1700 பிப்ரவரி முடியும்வரை 10 நாள், மார்ச் 1 முதல் 11 நாள் கூட்ட வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த 1731 பிப்ரவரி 11 இரண்டு திருத்தமும் பெற்று 1732 பிப்ரவரி 22 ஆனது. முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்ட 1648 ஜனவரி 30-க்கோ வரலாற்று நூல்கள் ஆண்டை மட்டும் 1649 ஆக்கி, நாளை அப்படியே விடுகின்றன. எந்தத் திருத்தம் செய்தீர்கள் என்று குறிப்பெழுதி வையுங்கள்.

கேள்வி: 1751 குட்டை ஆண்டாமே?

பதில்: ஆம், இங்கிலாந்தில் 282 நாள். மார்ச் 25-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிந்தது.

கேள்வி: இத்தாலிய நகரங்களான பிளாரன்ஸ், பீசா ஆவணங்களில் ஒரே நாளுக்கு வேறு வேறு ஆண்டு இருக்கிறதே?

பதில்: இரண்டுக்கும் மார்ச் 25-தான், ஆனால் பீசா ஓராண்டு முன்னே ஓடியது. நம் 1300 மே 1 பிளாரன்ஸில் 1300, பீசாவில் 1301. பிப்ரவரி 10 என்றால் பிளாரன்ஸில் 1299, பீசாவில் 1300.

கேள்வி: பிரான்ஸில் ஈஸ்டரன்று ஆண்டு பிறந்ததா?

பதில்: பல பகுதிகளில். இருப்பதிலேயே மோசமான முறை! ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே அலைவதால், ஓர் ஆண்டில் ஒரே தேதி இருமுறை வரலாம். அதனால் 'ஈஸ்டருக்கு முன்', 'பின்' என்று குறிப்பதுண்டு. குறிப்பு இல்லையென்றால் கிழமை எழுதியிருக்கிறதா பாருங்கள். எந்த ஆண்டில் அந்தத் தேதிக்கு அந்தக் கிழமை பொருந்துகிறதோ அதுவே சரி.