மக்காச்சோளம் குறைந்தால் முதலில் ஒதுங்குவது யார்? (கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் சார். மக்காச்சோள விளைச்சல் 15 சதவீதம் குறைந்தால், எல்லாரும் 15 சதவீதம் குறைத்து வாங்கினால் கணக்கு நேராகிவிடுமே? விலை ஏன் அப்படித் துள்ளுகிறது?

பதில்: பற்றாக்குறையை யாரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. மாற்று கையில் இருப்பவர் முதலில் ஒதுங்குவார். இல்லாதவர் விலை என்னவானாலும் வாங்குவார். போதுமான பேர் ஒதுங்கும்வரை விலை ஏறிக்கொண்டே போகும்.

2012 அமெரிக்க வறட்சி இதற்கு நல்ல சாட்சி. அந்த மே மாதம் அந்நாட்டு வேளாண் துறை எதிர்பார்த்தது சுமார் 1,480 கோடி புஷல் (ஒரு புஷல் 25.4 கிலோ). அறுவடையில் வந்தது சுமார் 1,075 கோடிதான். ஆகஸ்டில் சிகாகோ முன்பேரச் சந்தையில் (பின்னால் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் இடம்) புஷல் 8 டாலரைத் தாண்டியது. இனி யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று பாருங்கள். முந்தைய ஆண்டு சுமார் 154 கோடி புஷலாக இருந்த ஏற்றுமதி 73 கோடிக்கு இறங்கியது. பாதிகூட இல்லை. மக்காச்சோளத்தில் தயாரித்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் கால்நடைத் தீவனமும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் குறைந்தன. அடியில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளர் பக்கம் விழுந்தது. அவர்களுக்குப் பிரேசில், அர்ஜென்டினா, உக்ரைன் என்று வேறு கதவுகள் இருந்தன. அமெரிக்காவின் தென்கிழக்குப் பண்ணைகளே பிரேசிலிலிருந்து கப்பலில் மக்காச்சோளம் இறக்கின. உலகத்துக்கே விற்கிற நாட்டில் இதுவும் நடந்தது!

கேள்வி: வண்டிக்கு ஊற்றுவதைவிட வயிற்றுக்குப் போடுவது முக்கியமில்லையா? எத்தனாலை நிறுத்தியிருக்கலாமே?

பதில்: பெட்ரோலில் இவ்வளவு உயிரி எரிபொருள் கலந்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அதைத் தற்காலிகமாகத் தளர்த்தச் சொல்லிச் சில மாநிலங்களும் கால்நடை வளர்ப்போரும் கேட்டார்கள். நவம்பர் 2012-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மறுத்துவிட்டது. சட்டம் மட்டுமே காரணமில்லை. பெட்ரோலின் ஆக்டேன் தரத்தை உயர்த்த எத்தனால் மலிவான வழி என்பதால், எண்ணெய் நிறுவனங்களும் அதை எளிதில் விடுவதில்லை. அப்படியும் நஷ்டம் தாங்காமல் சில ஆலைகள் மூடிக்கிடந்தன.

இன்னொன்று பலர் கவனிக்காதது. ஒரு புஷலிலிருந்து ஏறக்குறைய 2.8 கேலன் எத்தனால் போக, மூன்றில் ஒரு பங்கு எடைக்கு டிடிஜிஎஸ் என்ற சக்கை மிஞ்சும். அது தீவனமாகத்தான் போகிறது. ஆலையை மூடினால் அதுவும் நின்றுவிடும். மிச்சமாகும் மக்காச்சோளத்தை அப்படியே முழுசாகத் தீவனக் கணக்கில் சேர்க்க முடியாது.

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். கோதுமைக்கு மாறலாமா?

பதில்: கோதுமை விலை மக்காச்சோளத்துக்குக் கீழே வந்தால் தீவன ஆலைகள் யோசிக்காமல் மாறும். 2020-21-இல் சீனாவில் அதுதான் பெரிய அளவில் நடந்தது. ஆனால் கிலோவுக்குக் கிலோ மாற்றிவிடாதீர்கள். மக்காச்சோளத்தில் புரதம் 8 சதவீதம் போல. கோதுமையில் 11, 12 என்று வரும். அதனால் சோயா புண்ணாக்கையும் கொஞ்சம் குறைக்கலாம். உண்மையான லாபம் அங்கேதான். எரிசக்தி சற்றுக் குறைவு என்பதால் எண்ணெய் சேர்க்க வேண்டிவரலாம். அளவு கூடினால் எச்சம் பிசுபிசுக்கும், படுக்கை ஈரமாகும். அதற்குச் சைலனேஸ் நொதி வேண்டும். மஞ்சள் கருவும் வெளுக்கும், ஏனென்றால் அந்த நிறத்தைத் தருவதே மஞ்சள் மக்காச்சோளம்தான். வெளிறிய கருவை உங்கள் வியாபாரி ஏற்பாரா என்று முதலில் கேளுங்கள். ஒரேயடியாக மாற்றாமல் படிப்படியாகப் போங்கள்.

சோளம் போட்டாலும் நிறப் பிரச்சினை உண்டு. டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: தீவனம் ஏறினால் இறைச்சியும் உடனே ஏறுமா அண்ணா?

பதில்: பெரும்பாலும் முதலில் இறங்கும். தீனி போட்டுக் கட்டுப்படியாகாதவர்கள் மாட்டை, தாய்ப்பன்றியைச் சீக்கிரமே வெட்டுக்கு அனுப்புவார்கள். சந்தையில் இறைச்சி குவியும். விலையேற்றம் பிறகுதான் வரும். வறட்சிக்குப் பின் ஜனவரி 2013-இல் அமெரிக்க மாட்டு எண்ணிக்கை 1952-க்குப் பிறகான அடிமட்டத்தில் இருந்தது. 2014-இல் மாட்டிறைச்சி விலை உச்சத்துக்குப் போனது. அதற்குள் மக்காச்சோள விலை சரிந்தே போயிருந்தது. கறிக்கோழி ஆறேழு வாரத்தில் தயாராகிவிடும், அதனால் குஞ்சு விடுவதைக் குறைத்தும் கூட்டியும் அவர்கள் சமாளிப்பார்கள். மாட்டுக்கு ஆண்டுக்கணக்காகும்.

கேள்வி: விலை ஏறும்போது வியாபாரிகள் பதுக்கத்தானே செய்வார்கள்?

பதில்: உண்மையான பற்றாக்குறையில் இன்றைய விலை, அடுத்த அறுவடை மாத முன்பேர விலையைவிட உயரத்தில் நிற்கும். வைத்திருந்தால் நஷ்டம். அப்போது பதுக்குகிறவர் வியாபாரியாக நீடிக்க மாட்டார்.

கேள்வி: மக்காச்சோளத்தையே சாப்பிட்டு வாழ்கிறவர்கள்?

பதில்: விலை வழியாகத் தேவை சரியாகிறது என்று நான் சொல்வதெல்லாம் இவர்களிடம் கொடூரமாகிவிடும். 2024 வறட்சியில் ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூன்றும் தேசியப் பேரிடர் அறிவித்தன. அங்கே வெள்ளை மக்காச்சோளம்தான் அன்றாட உணவு. கோழிக்குத் தீவனம் மாற்றுவதுபோல வீட்டில் மாற்ற முடியாது, வேளையைத்தான் குறைப்பார்கள். அங்கே தேவையானது இறக்குமதியும் நிவாரணமும். சந்தை தானே பார்த்துக்கொள்ளும் என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: விலை இறங்கியதும் பழைய தேவை திரும்பி வருமா?

பதில்: எத்தனால் ஆலை சீக்கிரம் திரும்பும். தீவனச் சூத்திரம் அதைவிடச் சீக்கிரம். போன வெளிநாட்டு வாடிக்கையாளர் அவ்வளவு சுலபமாக வரமாட்டார். 2012-13-இல் பிரேசில் ஏற்றுமதியில் அமெரிக்காவை முந்தியது. அமெரிக்கா முதலிடத்தை மீட்டது உண்மைதான். ஆனால் அன்று பிரேசிலிடம் வாங்கப் பழகியவர்களுக்கு அந்த வழி இன்றும் திறந்தேயிருக்கிறது. 2022-23-இல் பிரேசில் மறுபடி முந்தியது.