எல்லா அறிவியலும் பிடிக்கும் பெண்ணுக்கு எந்த குரூப்?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கைப் பார்த்து மகள் பயப்படுவதில்லை என்றால் முதல் குரூப்பையே எடுங்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தால் இன்ஜினியரிங் போய்விடும், பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலும் கிடைக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால் நீட் பக்கம் திரும்புவது சிக்கல். முதல் குரூப்பில் படிப்புச் சுமை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ரெண்டு வருடம் கழித்து 'அதை எடுத்திருக்கலாமே' என்று நீங்களோ அவளோ வருத்தப்பட வேண்டியிருக்காது.

இனி உங்கள் நிஜமான கவலைக்கு வருகிறேன். "ஒரு நாள் டாக்டர் என்கிறாள், மறுநாள் இஸ்ரோ என்கிறாள், மனசு ஒரு நிலையில் இல்லை" என்கிறீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மனசு ஒரு நிலையில் இருந்தால்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன். அவள் உங்களிடம் கேட்டதாக நீங்கள் எழுதிய மூன்று கேள்விகளைப் பாருங்கள். தாத்தாவின் கால் மட்டும் ஏன் வீங்கியே இருக்கிறது? அத்தை ஊரில் போர்வெல் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது? பகலில் ஏன் நிலா தெரிகிறது? மூன்றும் உருப்படியான கேள்விகள். என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று இப்போது கேட்காதீர்கள். இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகட்டும். எங்கே சலிக்காமல் நிற்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள். ஆரம்பம் எல்லாப் பாடத்திலும் சுவாரசியமாகத்தான் இருக்கும். கணக்கும் பெயர்ப் பட்டியலும் வரும் இரண்டாம் கட்டத்தில்தான் ஆள் தெரியும். அதற்குப் புதுப் புத்தகம் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அண்டம் பற்றிய பாடமும் பத்தாம் வகுப்பில் உடல்நலமும் நோய்களும் பற்றிய பாடமும் இருக்கின்றன. பரீட்சை முடிந்துவிட்டது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தாத்தாவின் கால் யானைக்கால் நோயாக இருக்கலாம். நான் மருத்துவன் இல்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நம் பக்கத்தில், குறிப்பாகக் கும்பகோணத்தில், அந்த நோய் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். காரணம் ஒரு நூல்புழு. சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும், கியூலெக்ஸ் கடிப்பதும் இரவில்தான். அதனால்தான் சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். இதை மகளிடம் சொல்லிவிட்டு அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். "தாத்தாவுக்கு வலிக்குமா, இப்போது என்ன செய்யலாம்" என்று கேட்டால் மருத்துவம், நர்சிங் பக்கம் மனம் இருக்கிறது. "புழுவுக்கு மணி எப்படித் தெரியும்" என்று கேட்டால் அது உயிரியல் ஆராய்ச்சிக்காரியின் கேள்வி. "தெருவுக்கு எத்தனை பேருக்கு இருந்தது, எப்படிக் குறைந்தது" என்றால் பொதுச் சுகாதாரம், புள்ளியியல். இந்த மூன்றையும் நம் வீடுகளில் 'டாக்டர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளைகள் இடிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொசு வழிப் பரவும் நோய்களுக்கென்றே புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. அங்கேயே படிக்கலாம். நம் மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான்.

கும்பகோணத்தில் அறுவை மருத்துவராக இருந்த எம். கே. சாம்பசிவன் யானைக்காலை ஒழிக்க ஊர் மக்களையே கொசு ஒழிப்பில் இறக்கியவர். அவர் மகனும் டாக்டராவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்தைப் பார்த்து மனம் மாறி வேளாண்மைக்குப் போனார் அந்த மகன். அவர்தான் எம். எஸ். சுவாமிநாதன். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு மறுபடி கோவையில் வேளாண்மை படித்தார். அந்தக் காலத்துச் சொந்தக்காரர்களும் அதைக் கேட்டு உச்சுக் கொட்டித்தான் இருப்பார்கள்.

உப்புத் தண்ணீர்க் கேள்விக்கு அத்தை ஊரே பாடப் புத்தகம். நிலத்தடி நீரை அதிகமாக இறைத்தால் கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே ஏறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கேட்டால் யாரும் சொல்வார்கள். வயலையும் விட்டுவிட வேண்டாம். மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் கட்டியதும் வயலில் காற்று நுழையாத சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி, தண்ணீர் விட்டால் அது குறைகிறது, தண்ணீரும் மிச்சம். இதில் அவள் நின்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய நிறுவனமான நிஃப்டெம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. வேளாண் படிப்பை 'நீட் கிடைக்காவிட்டால்' என்று கடைசியில் எழுதாதீர்கள். அது முதல் விருப்பமாக இருக்கத் தகுதியுள்ள படிப்பு.

வானத்துக்கு வருகிறேன். நம் ஊரில் மலையில்லை, குன்றில்லை. கட்டடம் மறைக்காத வயல்வரப்பில் நின்றால் அடிவானம் வரை தெரியும். மே மாத இரவில் ஒன்பது மணி வாக்கில் வடக்கே தாழ்வாகத் துருவ நட்சத்திரமும், தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டமும் சேர்ந்தே தெரியும். லண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை எந்நாளும் எழாது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுவே நம் ஊரின் அட்சரேகை. நமக்குப் பதினொன்று. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் பத்து டிகிரி வரும். அளந்து பார்க்கட்டும். பகல் நிலாவுக்கும் விடை எளிது. பௌர்ணமி தாண்டியதும் நிலா நாளுக்கு நாள் தாமதமாக எழுகிறது, அதனால் தாமதமாகத்தான் மறைகிறது. தேய்பிறையில் காலை எட்டு மணிக்கு மேற்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நிழல் சோதனை. நம் பகுதியில் வருடத்துக்கு இரண்டு நாள் உச்சிவேளையில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ஏப்ரல் 18 வாக்கில் வருவது போய்விட்டது. அடுத்தது ஆகஸ்ட் 24, 25 வாக்கில். ஒரு விஷயம், நிழல் மறைவது சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை, திருவாரூர்ப் பக்கத்தில் 12 மணி 13 நிமிடம் வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம், நாமோ அதற்கு மூன்று டிகிரி மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். மூன்று நான்கு பன்னிரண்டு என்று சொல்லிப் பாருங்கள். "மிச்சம் ஒரு நிமிடம் எங்கே" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இவளுக்கு வானியல் ஒத்துவரும். "சரி, நிழல் இல்லை, பார்த்தாச்சு" என்று எழுந்து போனால் ஒன்றும் குறையில்லை. வானத்தை ரசிப்பது வேறு, வானியல் படிப்பது வேறு. படிப்பு என்று வந்தால் வானியல் முக்கால்வாசி இயற்பியலும் கணக்கும்தான்.

வேலை விஷயத்தில் மழுப்பாமல் சொல்கிறேன். வானியல் ஆராய்ச்சிக்குப் பி.எஸ்சி., எம்.எஸ்சி., முனைவர் பட்டம் என்று பத்து வருடத்துக்குக் குறையாத பாதை. இடங்களும் குறைவு. இஸ்ரோ அப்படியில்லை, அங்கே எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்த பொறியாளர்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர். ஆக, இஸ்ரோ என்று அவள் சொல்லும்போது மனதில் இருப்பது நட்சத்திரமா, ராக்கெட்டா என்று கேளுங்கள்.

எதையும் விட மனசில்லை என்று அவள் பிளஸ் டூ வரை சொன்னாலும் அதற்கும் வழி உண்டு. திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு இடங்களில் இருக்கும் மத்திய அரசின் ஐசர் (IISER) அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ். படிப்பு இருக்கிறது. தொடக்கத்தில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டுப் பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி. முதல் குரூப் பிள்ளைகளுக்கென்றே வைத்தது போல இருக்கும். இதில் சேர்ந்தால் பிறகு மாற முடியாதோ என்றும் பயம் வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்த பிறகுதான் உயிரியலுக்கு மாறினார். 2009-இல் அவருக்குக் கிடைத்த நோபல் வேதியியலுக்கு!

மச்சான் டெலஸ்கோப் வாங்கித் தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மலிவான டெலஸ்கோப்புக்கு வரும் ஸ்டாண்டு ஆடியே உயிரை வாங்கும், இப்போதைக்கு வேண்டாம். 10×50 பைனாகுலர் போதும். சுவரில் சாய்த்து ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலாக்களே தெரியும். அதை எக்காரணம் கொண்டும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

கடைசியில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்களே, நீட் கோச்சிங்குக்காக வெளிமாவட்டத்துத் தனியார் ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பது பற்றி. நான் அதிகம் கவலைப்பட்டது அந்த வரிக்குத்தான். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பிளஸ் டூ வரை அங்கேயே படித்தால் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். இரண்டு வருடத் தனியார் பள்ளிக்காக இவ்வளவையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் பேசுங்கள். உங்கள் பள்ளியில் முதல் குரூப் இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கேளுங்கள். மாறினாலும் அரசுப் பள்ளிக்கே மாறுங்கள், ஆறாம் வகுப்பு முதலான படிப்புச் சான்றை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.