பேட்டரியா, ஆல்டர்னேட்டரா? – கேள்வி பதில்

கார் செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் பேட்டரியா, எஞ்சின் ஓடும்போது அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரா என்று கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும்தான் பதில் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்த்த அளவோடு கேட்பவர்களுக்கு முன்னுரிமை.

சார், காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று புது பேட்டரி போட்டேன். இரண்டே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. டூப்ளிகேட்டாக இருக்குமா?

பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரணமானதே போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, டெர்மினல் கிளாம்ப்பில் இல்லாமல் ஈயக் குமிழிலேயே முனையை அழுத்தி, மூன்று அளவு எடுக்க வேண்டும். முதல் அளவு, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு: 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிவந்து நிறுத்திய கையோடு பார்த்தால் 12.9, 13 என்று ஆசை காட்டும், அதை நம்பாதீர்கள். இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது: 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது: 13.8 முதல் 14.7 வரை. அப்புறம் ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து இன்னொரு முறை பாருங்கள்; அப்போதும் 13.5-க்கு மேலேயே நிற்க வேண்டும்.

உங்கள் கதைக்குப் பெரும்பாலும் இரண்டு முடிவுகள்தான். எஞ்சின் ஓடும்போதே 12.3 என்று காட்டி, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், ஆல்டர்னேட்டர் எதுவும் கொடுக்கவில்லை, வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடுகிறது. 14.2 காட்டினால் சார்ஜ் சரி, வண்டி நிற்கும்போது எங்கோ கரண்ட் கசிகிறது. இரண்டிலும் பேட்டரி பாவம், ஒன்றும் செய்யவில்லை.

நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சிறிய சென்சார் மாட்டியிருக்கும் புதிய வண்டிகளில் மட்டும் கணக்கு வேறு. அவற்றில் ஆல்டர்னேட்டரை இசியு, அதாவது வண்டியின் எஞ்சின் கணினி, கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் 12.6-க்கு இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். ஒரே ஒரு அளவைப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கசிவு என்றால் எவ்வளவு வரை பரவாயில்லை? எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. கடிகாரம், அலாரம், இசியு நினைவகம் எல்லாம் எப்போதும் கொஞ்சம் இழுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (Ah). 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பாதியாக 25 நாள் ஆகும். அதுவே அரை ஆம்பியர் இழுத்தால் இரண்டரை நாளில் பாதி போய்விடும்.

மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இடையில் போட்டுப் பார்ப்பது பழைய வழி. அப்படிப் போட்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் பியூஸ் போய்விடும். எனக்குப் பிடித்தது வேறு வழி: எதையும் கழற்றாமல், மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் அந்த வழியில் கரண்ட் போகவில்லை. ஏதாவது எண் வந்தால் போகிறது. முக்கியமானது, பூட்டியதும் பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் கணினிகள் தூங்குவதற்கு அரை மணி நேரம், சில வண்டிகளில் அதற்கும் மேலே ஆகும். கதவைத் திறந்தால் மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதால், திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடி வையுங்கள்.

வழக்கமான திருடர்கள்: அணையாத டிக்கி லைட், நேரடியாக பேட்டரியில் இழுத்த டேஷ்கேமரா, வெளியில் மாட்டிய ஸ்டீரியோ. யாரும் யோசிக்காத ஒன்று ஆல்டர்னேட்டரின் டயோடு, கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு மாதிரி. அது ஷார்ட் ஆனால் இரவில் கரண்ட் பின்னோக்கி ஓடும். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் திருடன் அவன்தான்.

சாவி போட்டால் பேட்டரி லைட் எரிவதே இல்லை. நல்லதுதானே?

இல்லை. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் சின்னக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்போ வயரோ போயிருந்தால் சார்ஜே ஏறாமல் போகலாம். முதலில் அதைப் பாருங்கள்.

பைக்குக்கும் இதே அளவுகளா?

பைக்கில் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரும், அதை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரும் தனித்தனி. பைக் வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

மீட்டர் எல்லாம் எதற்கு அண்ணே? ஓடும்போது ஒரு டெர்மினலைக் கழற்று, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது. எங்கள் மெக்கானிக் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இது வரும் என்று தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டர் நாற்பது ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், அந்தக் கரண்ட்டுக்குப் போக இடமில்லை. உள்ளே சுழலும் காயிலின் காந்தப்புலம் சட்டென்று குறையாது, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் எகிறிவிடும். வண்டி எலக்ட்ரானிக்ஸைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 16750-2 தரத்தில், தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு இந்த எகிறல் 79 முதல் 101 வோல்ட் வரை என்றே வைத்திருக்கிறார்கள். உங்கள் இசியு அதைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

நான் தொழிலில் இருப்பவன். டைனமோ காலத்திலிருந்து கழற்றித்தான் பார்க்கிறேன், ஒரு வண்டியும் கெட்டதில்லை. இப்போது ஆல்டர்னேட்டரிலேயே ஜீனர் டயோடு இருக்கிறது, நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

அனுபவத்துக்கு மரியாதை உண்டு ஐயா. ஜீனர் டயோடு இருப்பதும் உண்மை, அது 35 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்தும். அந்த டயோடு நல்லபடியாக இருக்கிறதா என்பதுதான் தெரியாது. சந்தேகத்துக்குரிய ஆல்டர்னேட்டரையே நம்பி அதே ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதில் என்ன நியாயம்? ஆபத்தை விடுங்கள், இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவும் இல்லை. மூன்று ஃபேஸில் (கரண்ட் உண்டாக்கும் மூன்று காயில் தொகுதிகளில்) ஒன்று போன ஆல்டர்னேட்டர்கூட பெட்ரோல் பம்ப்புக்கும் இக்னிஷனுக்கும் போதுமானதைக் கொடுத்துவிடும், வண்டி நிற்காது. நீங்கள் “நல்லது” என்பீர்கள், மறுநாள் மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் போட்டு ஓட்டுபவர் நடுவழியில் நிற்பார். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு சரியில்லை. இதற்கும் ஒரு நிமிஷம்தான்.

அப்படியானால் இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்த பிறகு கேபிளைக் கழற்றுவதும் ஆபத்தா?

கூர்மையான கேள்வி. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால், ஆமாம், அதே பிரச்சினைதான். சில நிமிடம் ஓடவிட்டு, புளோயரையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். எகிறும் கரண்ட்டுக்கு ஒரு வடிகால் கிடைக்கும்.

செல்ஃப் எடுக்கவில்லை, டிக் டிக் டிக் என்கிறது. புது பேட்டரி வாங்கலாமா?

முதல் பதில்.

பேட்டரி மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது, மறுபடி டவுன். எந்தக் கம்பெனி பேட்டரி நல்லது?

முதல் பதில். கம்பெனியைப் பற்றி இங்கே பேச வேண்டாம், மீட்டரைப் பற்றிப் பேசுவோம்.

ஓட்டும்போது அழுகிய முட்டை நாற்றம், பேட்டரி கொதிக்கிறது, 15.8 காட்டுகிறது.

ஓட்டுவதை இப்போதே நிறுத்துங்கள். ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. ஹைட்ரஜன் வெளியே வந்துகொண்டிருக்கும், பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. ஆறும் வரை டெர்மினலைத் தொடாதீர்கள்.

மெக்கானிக் டெர்மினலைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் நல்லது என்கிறார்...

மேலே ஒரு யுத்தமே நடந்திருக்கிறது, படியுங்கள்.

அளவோடு வந்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டிலிருந்து அதன் உடம்புக்கு 14.4. பேட்டரியின் இரண்டு குமிழ்களில் 13.1. ஹெட்லைட், புளோயர் என்று லோடு போட்டால் 12.7. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள்! ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, 1.3 வோல்ட் வழியில் தொலைகிறது. எல்லா லோடையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவ் குமிழிலும் வையுங்கள். 0.3-க்கு மேல் வந்தால் அந்தக் கேபிளிலோ, நடுவில் உள்ள பெரிய பியூஸின் இணைப்பிலோ கோளாறு. அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கு, இங்கே 0.2-க்கு மேல் வந்தால் எர்த் பட்டையில் கோளாறு. என் ஊகம் எர்த் பட்டைதான். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரும் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும் வரை தேய்த்து, இறுக்கி மாட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கழற்றும்போது எஞ்சின் நின்றிருக்கட்டும், பேட்டரி நெகட்டிவையும் எடுத்துவிடுங்கள்.