வாசகர் கேள்வி பதில்: சோற்றில் நின்ற கரண்டி

கேள்வி: நாகர்கோவிலில் நடந்த சுயாதீனத் திரைப்பட விழாவில் ஒரு கொரியக் குறும்படம் பார்த்தேன். மாமியாரும் மருமகளும் படம் முழுக்கச் சமைக்கிறார்கள்; மகன் வரப்போகிறான் என்றே நினைத்தேன். கடைசியில் மாமியார் ஒரு கிண்ணச் சோற்றில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கிறார், படம் முடிந்துவிடுகிறது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லையே? (வாசகி, தக்கலை)

பதில்: நீங்கள் சொல்வதைக் கொண்டு பார்த்தால், அது விருந்துச் சமையல் அன்று, திவசச் சமையல். கொரியாவில் இறந்தவரின் நினைவு நாளில் ‘ஜேசா’ என்னும் படையல் இடுவார்கள். சோறு, சூப், மீன், பழம் என மேசையில் முறைப்படி அடுக்கி, மது வார்த்து, விழுந்து வணங்கி, இறந்தவர் உண்பதற்காகச் சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துவார்கள். அதனாலேயே அன்றாடச் சாப்பாட்டில் அப்படிச் செய்பவரைக் கண்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இன்னொன்றும் உண்டு: மரபுப்படி இது பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்வது, சமைப்பது பெண்கள், முன்னின்று நடத்துவது ஆண்கள். இங்கே தாயே மகனுக்குச் செய்கிறாள் என்பதைத்தான் அந்த முன்வரிசை தாங்க முடியாமல் அழுதிருக்கிறது. நம் ஊர்ப் படமொன்றில் பந்தியில் சாப்பிட்டு எழுபவர் இலையைத் தம் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தால், அது துக்க வீடு என்று வசனமில்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். கொரியர் ஒருவருக்கு அது வெறும் இலைதான். விழாக் கையேட்டில் ஜேசாவைப் பற்றி இரண்டு வரி அச்சிட்டிருக்கலாம். முடிவு முன்பே தெரிந்துவிடும் என்று தயங்கினார்களோ என்னவோ.

கேள்வி: முழுநீளப் படம் எடுக்க வாய்ப்பு வரும்வரை செய்யும் பயிற்சிதானே குறும்படம்? (வாசகர், குளச்சல்)

பதில்: பலருக்கு அப்படித்தான், ‘பாரசைட்’ எடுத்த கொரிய இயக்குநர் பாங் ஜூன் ஹோவும் மாணவராக இருந்தபோது 1994இல் குறும்படம் எடுத்தவரே. ஆனால், ‘ஓல்ட்பாய்’ படத்துக்காக 2004இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் கிராண்ட் பிரீ பரிசு பெற்றிருந்த பார்க் சான் வூக், அதன் பிறகு தம் தம்பியுடன் சேர்ந்து ஐபோன் 4 கைபேசியில் ‘நைட் ஃபிஷிங்’ என்னும் அரைமணி நேரப் படத்தை எடுத்தார். இரவில் தூண்டில் போடுகிறவனிடம் ஒரு பெண்ணுடல் சிக்குகிறது. செத்தவன் அவனேதான் என்பது சாமியாடும் பெண்ணின் சடங்கில்தான் தெரியவருகிறது. குளச்சல்காரர் தவறவிடக் கூடாத படம். 2011இல் பெர்லின் விழாவில் சிறந்த குறும்படத்துக்கான தங்கக் கரடி அதற்குக் கிடைத்தது. 2013இல் மூன் பியோங் கோனின் 13 நிமிடப் படமான ‘சேஃப்’ கானில் குறும்படத்துக்கான தங்கப் பனையை வென்றது.

கேள்வி: கொரியர்களும் ‘அப்பா’ என்கிறார்களே, இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகளா? (மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: ஒலி ஒத்த சில சொற்களை வைத்து மொழியுறவை நிறுவ இயலாது. அதைவிட, வாக்கியக் கடைசியில் வரும் ‘யோ’ என்னும் ஒலியைக் கவனியுங்கள். அது மரியாதைக் குறி. நாம் ‘வா’, ‘வாங்க’ என்று வேறுபடுத்துவதைப் போன்றது. படத்தின் நடுவில் ஒருவர் அதை விட்டுவிட்டால், அவர்களுக்குள் நெருக்கமோ சண்டையோ வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’தான் வரும். அடுத்த விழாவுக்கு எவராவது தமிழில் சப்டைட்டில் எழுத முன்வந்தால், ‘நீங்கள்’ ‘நீ’யாக மாறும் இடத்தை அரங்கம் முழுவதும் பிடித்துக்கொள்ளும்.