ஹாப்ஸ் மணம் தூக்கலான லாகர் பியரை முதல் முறையாக வீட்டில் காய்ச்ச என்ன கவனிக்க வேண்டும்?

கேட்டவர் கோயமுத்தூர்க்காரர், மேற்படிப்புக்கு நியூசிலாந்து போகிறார். கிளம்பும் முன் இங்கேயே ஒரு தடவை காய்ச்சிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாங்க. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ராஜாஜி ஆட்சியில் அந்த மதுவிலக்கு முதன்முதலில் அமலானதே நம் சேலத்தில்தான். நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சத் தடை இல்லை. அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் காய்ச்சிய அனுபவத்தில் மீதியைச் சொல்கிறேன்.

குளிரில் நொதிக்க வைக்கும் பியர்தான் லாகர். அதனால் லாகர் என்றாலே குளிர்தான். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் எந்த வகை வாங்கலாம் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். அதற்கு முன் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும், அதில் மாட்ட ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வாங்குங்கள். பனை ஏறும் ஊரில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். முட்டியில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், வெயில் ஏறுவதற்குள் தெளுவு நுரைத்துக் கள்ளாகிவிடும். சூட்டில் ஈஸ்ட் அப்படித்தான் பாயும். லாகர் ஈஸ்ட்டை அப்படிப் பாய விட்டால் பழ வாசனை கிளப்பிவிடும், ஹாப்ஸின் மணம் அதற்கடியில் அமுங்கிப்போகும். 12 டிகிரியில் பிடித்து வையுங்கள். 20 லிட்டருக்கு டபிள்யூ-34/70 என்ற லாகர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட் போடுங்கள். ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

தண்ணீரும் முக்கியம். 1842இல் செக் நாட்டின் பில்சன் நகரத்தில் வெளிர் லாகர் பிறந்ததற்கு அந்த ஊரின் மென்மையான தண்ணீரும் ஒரு காரணம். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்கு அதன் அருமை தெரியும். உப்பேறிய போர் தண்ணீரில் காய்ச்சினால் ஹாப்ஸின் கசப்பு தொண்டையில் கரகரவென்று நிற்கும். ஆக்லாந்துக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, கவலை இல்லை. குளோரின் வாடைக்கு அரை கேம்ப்டன் மாத்திரை போதும்.

பில்ஸ்னர் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, 20 லிட்டருக்கு நாலேகால் கிலோ. 66 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். வடித்த சாற்றை ஒன்றரை மணி நேரம் மூடி போடாமல் கொதிக்க விடுங்கள், மூடினால் வேகவைத்த மக்காச்சோள வாடை உள்ளேயே தங்கிவிடும். கசப்புக்கு, கொதி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது மொடுவேகா ஹாப்ஸ் 20 கிராம். அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் இன்னொரு 60 கிராம் போட்டு 20 நிமிடம் விடுங்கள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினாற்போல ஒரு வாசம் வீடெல்லாம் பரவும். நெல்சன் சாவின் வகையும் அருமைதான், வெள்ளை திராட்சை ஒயின் மணம். ஆனால் முதல் தடவை ஒரே ஹாப்ஸோடு நில்லுங்கள். அப்போதுதான் அதன் குணம் புரியும்.

சாறு 12 டிகிரிக்கு ஆறியபின் ஈஸ்ட்டைப் போட்டு மூடுங்கள். நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். பயப்பட வேண்டாம், லாகர் ஈஸ்ட்டுக்கு அது இயல்பு, குளிரில் வைத்திருக்கும் வாரங்களில் போய்விடும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.048இல் தொடங்கி 1.015 வாக்கில் வந்ததும் 16 டிகிரிக்கு ஏற்றுங்கள். மீதி ஹாப்ஸை, லிட்டருக்கு மூன்று நாலு கிராம் கணக்கில், அப்போதே சட்டென்று போட்டு மூடிவிடுங்கள். ஈஸ்ட் இன்னும் உயிர்ப்போடு இருப்பதால் உள்ளே புகும் காற்றைத் தின்றுவிடும். அதற்கப்புறம் ஆசைக்குக்கூடத் திறந்து பார்க்காதீர்கள். காற்றுப் பட்டால் முதலில் சாவது ஹாப்ஸ் மணம்தான்.

பலர் தவறவிடும் இடம் இதுதான். ஹாப்ஸில் உள்ள நொதிகள் ஈஸ்ட் தின்ன முடியாமல் மிச்சமிருக்கும் மாவுச்சத்துத் துணுக்குகளை மறுபடி சர்க்கரையாக உடைக்கும், ஈஸ்ட் திரும்ப விழித்துக்கொள்ளும், கூடவே வெண்ணெய் வாடையும் வரும். அதனால் சோதித்துப் பாருங்கள். இரண்டு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஒன்றை மூடி வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி, ஆறியதும் இரண்டையும் முகருங்கள். சுட வைத்ததில் வெண்ணெய் வாசம் அடித்தால் இன்னும் சில நாள் 16 டிகிரியிலேயே இருக்கட்டும். வாசமும் இல்லை, ஹைட்ரோமீட்டரும் மூன்று நாளாக நகரவில்லை என்றால்தான் குளிரூட்ட வேண்டும். நகரும்போதே பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி முகத்தில் தெறிக்கும்.

அப்புறம் 2 டிகிரியில் மூன்று வாரம். லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை கலந்து, சுத்தமாகக் கிருமி நீக்கிய பாட்டிலில் அடைத்து, இரண்டு வாரம் அறையில் வையுங்கள். சாதா லாகர் மாதக்கணக்கில் தாங்கும். இது தாங்காது, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.