‘தண்ணி’ வருகிறது, ‘கொடு’ வரவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்து பேச்சு பாதித்தது, அஃபேசியா என்றார்கள். ‘தண்ணி’, ‘கதவு’ என்கிறார். ‘கொடு’, ‘திற’ வரவில்லை; வாக்கியமே அமையவில்லை. நடைப் பயிற்சிக்குத் தினமும் ஆள் வருகிறார், பேச்சுப் பயிற்சி மாதம் இருமுறை அரைமணி நேரம்தான். ஞாபகம் போய்விட்டதா? நாக்குக்கு அதிர்வு கொடுக்கும் கருவியும் மாத்திரையும் தந்து 90 நாளில் பேச வைப்பதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்பாவோடு சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். கிழமைகளை வரிசையாகச் சொல்லுங்கள். பழகிய பாட்டு ஒன்றைப் பாடுங்கள். பலருக்கு இவை தடையில்லாமல் வரும். வந்தால், நாக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பிறகு அதற்கு எதற்கு அதிர்வு? வினைச்சொல்லை மீட்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட மாத்திரையும் இதுவரை இல்லை. வீட்டில் இருப்பவர்களின் பயத்தைக் காசாக்குகிற இந்த ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஞாபகமும் அறிவும் போகவில்லை. ‘கதவு’ தனியாக நிற்கும் சொல். ‘கொடு’ அப்படியல்ல, யார், யாருக்கு, எதை என்று மூன்று பேரை இழுத்துக்கொண்டு வரும். போதாததற்குத் தமிழில் கொடுத்தான், கொடுப்பாள் என்று காலமும் ஆளும் அதன் வாலில் ஒட்ட வேண்டும். அதுவும் வாக்கியத்தின் கடைசியில். அதுவரை மற்றதையெல்லாம் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். மூளையின் இடது முன்பகுதி அடிபட்டவர்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

ஆனால் ஒன்று. எல்லா அஃபேசியாவும் இப்படியில்லை. சிலர் சரளமாகப் பேசுவார்கள். “அதை எடுத்து அங்க வச்சிட்டு வந்தேன்” என்பார்கள். வினை இருக்கும், எதை என்பது இருக்காது. அவர்களுக்குத் தொலைந்தது பெயர்ச்சொல். அவர்களுக்குப் பயிற்சியே வேறு. உங்கள் அப்பா அந்த வகை இல்லை என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். யாருக்கோ பலித்த பயிற்சியை அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள்.

படம் காட்டி “இது என்ன?” என்று நாள் முழுக்கக் கேட்பதை நிறுத்துங்கள். பெயர்தான் அவருக்கு வருகிறதே! வினையை நடுவில் வையுங்கள். ‘வெட்டு’ என்று எழுதிக் காட்டி, யார் வெட்டுவார், எதை வெட்டுவார் என்று கேளுங்கள். தச்சர், மரம். தையல்காரர், துணி. மூன்று நான்கு ஜோடி சேர்ந்த பிறகு ஒன்றை எடுத்து எங்கே, எப்போது, ஏன் என்று விரியுங்கள். 2009-இல் பேச்சு ஆய்வாளர் லிசா எட்மண்ட்ஸ் குழுவினர் இந்த முறையைச் சோதித்தார்கள். பயிற்சி தராத சொற்களிலும் முன்னேற்றம் தெரிந்தது.

நடக்க வைக்கத் தினமும் ஆள் வருகிறார், பேச வைக்க மாதம் இருமுறை அரைமணி நேரம். இந்த ஏற்பாட்டை யார் வகுத்தார்களோ! கூடுதல் நேரம் கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம் என்பது உண்மைதான். அதற்காக ஐந்தாம் மாதம் கதவு மூடிவிடவில்லை. வருடங்கள் கழித்தும் முன்னேறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், ‘குடு தண்ணி’ என்று வினையை முன்னால் போட்டால் திருத்தாதீர்கள். நாமும் அப்படிப் பேசுகிறவர்கள்தானே. ‘தண்ணி...’ என்று நின்றுவிட்டால் டம்ளரை உடனே நீட்டாமல் பத்து விநாடி காத்திருங்கள். வராவிட்டால் ‘கு...’ என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.